பலாப்பழமும் நான்கு பாடவேளைகளும்

(கருத்துக் கட்டுரை)

நுழையும்முன்

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் தனித்தனியே கற்பிப்பதா, இணைத்துக் கற்பிப்பதா என்னும் விவாதம் இன்று கல்வி உலகில் நிகழ்கிறது. மராட்டிய மண்ணில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தம் வகுப்பறை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்கி அவ்விவாதத்தில் தம் கருத்தை முன்வைக்கிறார். அவர் கருத்தோடு நீங்கள் உடன்படலாம், மறுக்கவும் செய்யலாம். எதுவாயினும் காரணம் காட்டிப் பேசுதல் வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

வகுப்பறைக்கு வந்த பழம்

புணேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது ரஞ்சன்காவ். எட்டு விநாயகர் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயில் ஒருபுறம்; குளிர்சாதனப் பெட்டிகளும் மகிழுந்துகளும் உருவாகும் தொழிற்பேட்டை மறுபுறம்; சுற்றிலும் வெங்காய வயல்களும் கரும்புத் தோட்டங்களும். பண்ருட்டிக்கு அருகில் பிறந்த நான், பணியின் பொருட்டு இப்பகுதியில் வாழ்கிறேன். தொழிற்சாலை வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என்னிடம் விருப்பமொழியாகத் தமிழ் கற்கின்றனர்.

சென்ற ஏப்ரல் மாதம் எட்டாம் வகுப்பினர் பதினாறு பேருக்குப் பழந்தமிழரின் கணித அறிவைப் பற்றிப் பாடம் நடத்தினேன். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் நூலை அறிமுகப்படுத்தினேன். பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ணும் வழி ஒன்று அந்நூலில் உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அவ்வெண்ணை 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது அவ்வழி. “நம் முன்னோரின் நுண்ணறிவைப் பாருங்கள்” என்று பெருமிதத்தோடு கூறிப் பாடத்தை முடிக்க இருந்தேன்.

அப்போது ஒரு மாணவி எழுந்து, “அம்மா, நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

பலா மரங்களின் நிழலில் வளர்ந்தவள் நான். இருபது ஆண்டுகளாக இப்பாடலைக் கற்பித்தும் வருகிறேன். ஆயினும் ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வாறே விடை கூறினேன். அடுத்த வாரம் கொங்கணத்திலிருந்து புணேச் சந்தைக்கு வந்த பலாப்பழம் ஒன்று எங்கள் வகுப்பறையின் மேசைமேல் இருந்தது.

எண்ணத் தொடங்கியதும் எழுந்த வினாக்கள்

பழத்தை அறுக்கத் தெரிந்தவர் வேண்டும். வகுப்பு மாணவர் ஒருவரின் தந்தை பண்ருட்டிப் பகுதியைச் சேர்ந்தவர். தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளராகப் பற்றவைப்பு வேலை செய்பவர். அவரை அழைக்கலாமா என்று நான் கேட்டபோது அம்மாணவர் தலைகுனிந்தார். “வேண்டாம் அம்மா. அப்பா வேலை முடித்து அழுக்குச் சீருடையோடு வந்துவிடுவார்” என்றார். அச்சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை. இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அச்சொல்லும் ஒரு காரணமாகும்.

தந்தை வந்தார், சீருடையோடுதான் வந்தார். பழத்தை விரலால் தட்டினார். ஓசை மந்தமாக இருக்கிறது, ஆகவே பழுத்துவிட்டது என்றார். ஏன் மந்தமாக ஒலிக்கிறது என்னும் வினா எழுந்தது. கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். நீரில் கழுவிப் போகாத பால் எண்ணெய்க்கு மட்டும் ஏன் விலகுகிறது என்பது அடுத்த வினா.

அறுப்பதற்குமுன் மாணவர் மூன்று குழுவாகப் பிரிந்து முட்களை எண்ணினர். ஒரு குழு 72 என்றது. மற்றொன்று 75 என்றது. மூன்றாவது 80 என்றது. ஒரே பழத்துக்கு மூன்று எண்கள் எவ்வாறு வரும்? காம்பைச் ‘சுற்றி’ என்றால் எத்தனை வரிசை என்பதில் கருத்து வேறுபாடு. அளவையின் எல்லையை முதலில் வரையறுக்காமல் அளப்பது பயனற்றது என்பதை நான் சொல்லாமலே அவர்கள் உணர்ந்தனர். 72ஐ 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 86.4 வருகிறது. சுளையில் ஏது தசமம் என்று ஒருவர் நகைத்தார். 75க்கு 90, 80க்கு 96. பின்னர்ப் பழம் அறுக்கப்பட்டது. எண்ணியபோது இருந்த சுளைகள் 103.

‘அப்படியானால் நூல் பொய்யா?’ என்று ஒரு பக்கம். ‘நாம் எண்ணியது பிழை’ என்று மறுபக்கம். நாற்பது நிமிடப் பாடவேளை முடிந்து மணி ஒலித்தும் ஒருவரும் எழவில்லை. ஓசை கேட்டு எட்டிப்பார்த்த உயிரியல் ஆசிரியர் உள்ளே வந்து, பலா ஒரு கூட்டுக்கனி என்று விளக்கினார். நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒன்றாய்த் திரண்டு ஒரே கனியாகின்றன. தோலின்மேல் காணும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. கருவுற்ற பூ சுளையாகிறது, கருவுறாதது சடையாக நின்றுவிடுகிறது. ஆகவே முள்ளுக்கும் சுளைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது மாறாத தொடர்பு அன்று. மகரந்தச் சேர்க்கை நன்கு நிகழ்ந்த பழத்தில் சுளை மிகும், அல்லாததில் குறையும். பழைய நூலின் வழி ஒரு மதிப்பீடு. துல்லியமான அளவை அன்று.

முதலில் வினா எழுப்பிய மாணவி அப்போது கூறியது இது: “அம்மா, ஒரு பழத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இன்னும் பல பழங்கள் வேண்டும்.”

இதைவிடச் சிறந்த அறிவியல் வாசகத்தை எந்த ஆய்வுக்கூடத்தில் கேட்க முடியும்? அது பிறந்த இடமோ தமிழ் வகுப்பு.

நான்கும் பிரிந்தது எங்கே?

அன்று வகுப்பில் நிகழ்ந்ததற்குக் கல்வியாளர் ஒரு பெயர் வைத்துள்ளனர். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்டெம்’ கல்வி என்பர். அமெரிக்க நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் வழியாக 2001ஆம் ஆண்டையொட்டி இப்பெயர் பரவியது. பெயர் புதிது, கருத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை மையமாக வைத்து எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, பணி அனுபவம் பள்ளிக்கல்வியின் கூறாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கையும் 6 முதல் 8 வரையிலான வகுப்பினர் பத்து நாள்கள் புத்தகப்பை இன்றி உள்ளூர்த் தொழில்வல்லாரிடம் பயில வேண்டும் என்கிறது.

எனினும் நம் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியர் நெம்புகோலைக் கற்பிக்கும் மாதம் ஒன்று. கணித ஆசிரியர் விகிதத்தைக் கற்பிக்கும் மாதம் வேறொன்று. நெம்புகோலின் உயிரே விகிதம்தான் என்பதை மாணவர் தாமே கண்டுகொண்டால் உண்டு, இல்லையேல் இல்லை. இயற்கை இவ்வாறு பிரிந்து கிடக்கவில்லை. பிரித்தது கால அட்டவணை.

நீலகிரியின் சரிவில் ஒரு பாடம்

நான்கும் பிரியாமல் நின்றால் என்ன நிகழும் என்பதற்கு உதகமண்டலம் ஒரு சான்று. அங்குள்ள முத்தோரையில் வானொலித் தொலைநோக்கி ஒன்று 1970ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் வானியல் அறிஞர் கோவிந்த் ஸ்வரூப். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது அத்தொலைநோக்கி. நாட்டில் எத்தனையோ சமவெளிகள் இருக்க, அதற்கு ஏன் ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தனர்?

உதகையின் நிலக்கோடு வடக்கே ஏறத்தாழ 11 பாகை. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலைச்சரிவு ஒன்றில் நீண்ட கருவியை அமைத்தால், அதன் அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். அதன்பின் விண்பொருள் ஒன்றைப் பின்தொடரக் கருவியை அந்த ஓர் அச்சில் மட்டும் மெல்லச் சுழற்றினால் போதும். புவியியலில் வரும் நிலக்கோடும், வடிவியலில் வரும் இணைகோடும், இயற்பியலில் வரும் சுழற்சியும், பொறியாளரின் சிக்கனமும் அந்த ஒரு மலைச்சரிவில் ஒன்றாகின்றன.

அவரே பின்னாளில் எங்கள் புணே மாவட்டத்து நாராயண்காவுக்கு அருகில் உள்ள கோடத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுடைய 30 அலைவாங்கிகள் கொண்ட மாபெரும் தொலைநோக்கியை அமைத்தார். அவற்றின் கிண்ணங்கள் தகட்டால் ஆனவை அல்ல. மெல்லிய கம்பிவலையால் ஆனவை. மீட்டர் அளவிலான நெடிய அலைகளுக்கு வலையின் சிறு கண்கள் ஒரு பொருட்டல்ல. அவை வலையில் பட்டுத் திரும்பிவிடும். காற்றோ கண்களின் வழியே கடந்து சென்றுவிடும். அதனால் எடை குறைந்தது, செலவும் குறைந்தது. அலையின் நீளத்தை அறிந்த அறிவியலும் காற்றின் விசையைக் கணக்கிட்ட பொறியியலும் கைகோத்ததன் பயன் இது. வானத்தை ஆராய உதகையிலும் கோடத்திலும் கருவி எழுப்பியவர் ஒருவரே என்று நான் கூறும்போது, இரண்டு மாநிலங்களுக்கிடையே வாழும் என் மாணவரின் முகம் மலர்கிறது.

பாபள் காட்டும் வழி

தொலைநோக்கி அமைப்பது அறிஞர் செயல். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இயலுமா என்று கேட்கலாம். அதற்கும் விடை அண்மையிலேயே இருக்கிறது. ரஞ்சன்காவ் அமைந்துள்ள இதே சிரூர் வட்டத்தில் பாபள் என்றொரு சிற்றூர் உண்டு. மழை குறைந்த வறண்ட பகுதி. தனியார் நிறுவனமொன்றின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிவியலாளர் ஸ்ரீநாத் கல்பாக், அப்பணியை விட்டு 1983ஆம் ஆண்டு அங்கே ‘விக்யான் ஆசிரமம்’ என்னும் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். பள்ளிப்படிப்பில் நிலைக்காத சிற்றூர்ப் பிள்ளைகளே அங்கு முதன்மையான மாணவர்.

செய்து கற்றல் என்பதே அங்குள்ள முறை. பட்டறை வேலை, ஆற்றலும் சுற்றுச்சூழலும், வேளாண்மையும் கால்நடையும், இல்லமும் நலவாழ்வும் என நான்கு துறைகள். மாணவர் ஒரு துறையை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை, நான்கிலும் கைபழகுகின்றனர். மின்கம்பி பொருத்துகின்றனர், மண்ணை ஆய்வு செய்கின்றனர், இரும்பைப் பற்றவைக்கின்றனர். ஊருக்குப் பயன்படும் வேலையையே பாடமாகச் செய்வதால், பிழை நேர்ந்தால் மதிப்பெண் மட்டும் குறைவதில்லை. ஒருவர் வீட்டு விளக்கு எரியாமல் போகிறது. அந்தப் பொறுப்பு அவர்களைக் கவனமுடையவர் ஆக்குகிறது. இம்முறை பின்னர் மராட்டியத்தின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றிலும் வாரத்தில் ஒரு நாள் பாடமாக நுழைந்தது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் துணையோடு, கணினியால் இயங்கும் கருவிகள் கொண்ட ஆக்கக்கூடம் ஒன்றும் பாபளில் அமைந்தது. பெருநகரங்கள் பலவற்றுக்கு வருமுன் அது அச்சிற்றூருக்கு வந்தது.

பாபளின் பெயரோடு இணைந்த குவிமாட வீடுகளையும் இங்குக் கூற வேண்டும். இரும்புச் சட்டங்களை முக்கோணங்களாக இணைத்துக் கட்டுவது அவ்வீடு. ஏன் முக்கோணம்? நான்கு சட்டங்களை முனைகளில் திருகாணியால் இணைத்து ஒரு சதுரம் செய்யுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரிந்துவிடும். மூன்று சட்டங்களை இணைத்து முக்கோணம் செய்யுங்கள். எவ்வளவு தள்ளினாலும் வடிவம் மாறாது. பக்கங்கள் மூன்றும் குறிக்கப்பட்டால் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் என்று வடிவியலில் நாம் எழுதும் தேற்றம், அங்கே கூரையாக நின்று நிழல் தருகிறது. தேற்றத்தை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். பாபளின் பிள்ளைகள் அதன்கீழ் நின்று பேசுகின்றனர்.

மறுப்பாரும் அவர்தம் நியாயமும்

இக்கருத்தை மறுப்பார் சிலர் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

தேர்வு தனித்தனியே நடக்கும்போது பாடத்தை எவ்வாறு இணைப்பது என்பது முதல் மறுப்பு. பத்தாம் வகுப்புத் தேர்வை நெருங்கும் பிள்ளையின் பெற்றோருக்கு இது வெறும் விவாதம் அன்று; பிள்ளையின் வாழ்க்கை. பலாப்பழம் அறுத்த அந்த வாரம் ஒரு பாடம் பின்தங்கியதற்கு நானும் விளக்கம் எழுதித் தர வேண்டியிருந்தது.

இணைப்பு என்ற பெயரில் பாடத்தின் ஆழம் குறைந்துவிடும் என்பது இரண்டாம் மறுப்பு. இதையும் ஏற்கிறேன். பின்னங்களைப் பலமுறை செய்து பழகாதவர் 86.4 என்ற விடையையே பெற்றிருக்கமாட்டார். இயற்கணிதத்துக்கும் தேற்றங்களின் நிறுவலுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். தனி ஆசிரியரும் வேண்டும். எல்லாவற்றையும் செயல்திட்டமாக மாற்றிவிட்டால் அடித்தளம் ஆட்டம் காணும்.

கருவிகளுக்குப் பொருள் வேண்டும் என்பது மூன்றாம் மறுப்பு. நடுவண் அரசு 2016 முதல் அடல் ஆக்கக்கூடங்களைப் பள்ளிகளில் அமைத்து வருகிறது. முப்பரிமாண அச்சுப்பொறியும் உணரிகளும் எந்திரன் உறுப்புகளும் பத்தாயிரம் பள்ளிகளுக்குச் சென்று சேர்ந்திருப்பது நன்று. ஆனால் கருவி வினாவைத் தந்துவிடாது. பெட்டியோடு வந்த குறிப்பேட்டைப் பார்த்து உறுப்புகளைப் பொருத்தி, விளக்கு எரிந்ததும் கைதட்டிக் கலைவதும் ஒருவகை மனப்பாடமே. எங்கள் வகுப்புக்குத் தேவைப்பட்டவை ஒரு பழம், ஒரு கத்தி, சிறிது எண்ணெய், அவற்றோடு, “எண்ணிப் பார்த்தீர்களா?” என்று ஆசிரியரைக் கேட்கும் துணிவு.

என் கருத்து

ஆகவே நான் வேண்டுவது பாடங்களைக் கலைத்துவிடுவதை அன்று. வாரத்தில் ஒரு நாள் இயலாவிடினும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பாடவேளைகளை ஒன்றாக்கி, நான்கு ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் நிற்க வேண்டும். அன்றைய வினா ஊரிலிருந்து எழ வேண்டும். வெங்காயம் ஏன் அழுகுகிறது, அதைக் காக்கும் கொட்டிலில் காற்று எவ்வழி செல்ல வேண்டும் என்பது ரஞ்சன்காவின் வினா. உப்பளத்தின் பாத்திகள் ஏன் ஆழமின்றி அகன்றுள்ளன என்பது தூத்துக்குடியின் வினா. அவ்வினாவுக்கு விடை தேடும் பணிக்கு மதிப்பெண்ணிலும் ஓர் இடம் வேண்டும். இல்லையேல் அது விழாநாள் கண்காட்சியாகச் சுருங்கிவிடும்.

அந்த வகுப்பில் மொழியாசிரியருக்கும் ஓர் இருக்கை வேண்டும். பலாப்பழ ஆய்வைப் பற்றி என் மாணவர் எழுதிய அறிக்கையே அவ்வாண்டு அவர்கள் எழுதியவற்றுள் சிறந்த தமிழ். ‘சுற்றி’ என்னும் ஒரு சொல் தெளிவாக இல்லாததால் மூன்று எண்கள் பிறந்ததை அவர்கள் கண்டவர்கள். ஆதலால் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதினர். வீட்டில் பேசும் மொழியில் விளக்க முடியாத அறிவு, தேர்வு முடிந்ததும் உதிர்ந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் உழைப்பவர் ஆசிரியராக வகுப்பறைக்குள் வர வேண்டும். கொத்தனார் கட்டடத்துக்கு மூலைமட்டம் பிடிக்கையில் ஒருபக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். பிதாகரசு தேற்றத்தை அவர் நாள்தோறும் நிறுவுகிறார். அவரை நாம் வேலையாள் என்கிறோம். அதே தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதுபவரை அறிவாளி என்கிறோம். இந்தப் பிரிவு பாடப்பிரிவைக் காட்டிலும் கொடியது. படித்தால் அப்பாவைப் போல் ஆகாமல் தப்பலாம் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லும் கல்வி, அப்பிள்ளையிடமிருந்து ஒரு தந்தையைப் பறித்துக்கொள்கிறது.

அன்று அத்தந்தை புறப்படுகையில் மாணவர் சூழ்ந்துகொண்டு, இரும்பு எத்தனை பாகையில் உருகும், பற்றவைக்கும்போது கறுப்புக் கண்ணாடி ஏன் அணிய வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். அவர் மகன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். சிறிது நேரம் கழித்து முன்னே வந்து, “அப்பா, அதை நான் சொல்கிறேன்” என்றார்.

எங்கள் வகுப்பறைச் சுவரில் இப்போது ஓர் அட்டவணை தொங்குகிறது. பழத்தின் எண், முட்கள், கணக்கிட்ட சுளைகள், எண்ணிய சுளைகள் என்று நான்கு பத்திகள். ஊருக்குச் சென்றுவந்த மாணவர் சிலரால் ஐந்து வரிசைகள் நிரம்பியுள்ளன. இருபத்தைந்து வரிசைகள் வெறுமையாக இருக்கின்றன. அடுத்த பலாப் பருவத்துக்காக அவை காத்திருக்கின்றன.

சொல்லும் பொருளும்

மந்தமாக – தெளிவின்றித் தாழ்வாக
சடை – பலாச் சுளைகளுக்கிடையே உள்ள நார்ப்பகுதி
நிலக்கோடு – நடுவரையிலிருந்து ஓரிடம் அமைந்துள்ள பாகை அளவு
மூலைமட்டம் – செங்கோணத்தைச் சரிபார்க்கும் முறை
நிறுவல் – சான்று காட்டி மெய்ப்பித்தல்

சிந்தித்து எழுதுக

1. ஒரே பழத்தின் முட்களை எண்ணிய மூன்று குழுவினருக்கு மூன்று எண்கள் கிடைத்தது ஏன்?
2. உதகையில் தொலைநோக்கி அமைக்க மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்த காரணத்தை உம் சொற்களில் விளக்குக.
3. ஆசிரியை ஏற்றுக்கொள்ளும் மறுப்புகள் எவை? அவற்றுக்கு அவர் தரும் விடை உமக்கு நிறைவளிக்கிறதா? காரணம் காட்டுக.
4. “அப்பா, அதை நான் சொல்கிறேன்” என்னும் கூற்றில் வெளிப்படும் மனமாற்றத்தை எழுதுக.
5. உம் வீட்டிலோ தெருவிலோ கைத்தொழில் செய்யும் ஒருவரிடம் உரையாடி, அவர் தொழிலில் மறைந்துள்ள கணிதத்தையும் அறிவியலையும் ஒரு பக்க அளவில் கட்டுரையாக எழுதுக.